யாருக்கு முதலில் போன் செய்வது? முன்கணிப்பைச் செய்து பழக ஒரு வழிகாட்டி

போர்ச்சுகலில் ஒரு வங்கி. 2008 மே மாதம் தொடங்கி 2010 நவம்பர் வரை அதன் ஊழியர்கள் வாடிக்கையாளர்களைப் போனில் அழைத்து ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்: குறிப்பிட்ட காலத்துக்கு எங்களிடம் பணம் போட்டு வைக்கிறீர்களா? நம் ஊர் வங்கிகளில் எஃப்.டி. என்கிறோமே, அது போன்ற வைப்புத்தொகைதான். அப்படிப் பேசியதில் 45,211 பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் 5,289 பதிவுகளில் "சரி" என்ற பதில். மீதி 39,922 பதிவுகளிலும் "வேண்டாம்".

நூறு பேரை அழைத்தால் பன்னிரண்டு பேர்கூடச் சம்மதிக்கவில்லை. மற்றவர்களுடைய நேரமும் போயிற்று, அழைத்தவருடைய நேரமும் போயிற்று. யார் சம்மதிப்பார் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்தால் அவர்களை முதலில் அழைக்கலாம் அல்லவா? முன்கணிப்புப் பகுப்பாய்வு என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலை இதுதான். நடந்து முடிந்தவற்றின் பதிவுகளைப் பார்த்து, இனி ஒருவர் ஒன்றைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று ஓர் எண் போடுவது. கடன் கொடுக்கலாமா என்று வங்கி பார்ப்பதும், அடுத்து எந்த வீடியோவைக் காட்டுவது என்று யூடியூப் தேர்ந்தெடுப்பதும், எந்த வாடிக்கையாளர் வேறு நிறுவனத்தின் சிம்முக்கு மாறிவிடுவார் என்று தொலைபேசி நிறுவனங்கள் கணிப்பதும் இதே வேலைதான்.

இந்த வங்கியின் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. வங்கியின் பெயரும் வாடிக்கையாளர்களின் பெயர்களும் மட்டும் அதில் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் நடத்தும் மெஷின் லேர்னிங் தரவுக் களஞ்சியத்தில் "பேங்க் மார்க்கெட்டிங்" என்று தேடினால் வரும்; இலவசம். புதிதாகக் கற்க வருபவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்தக் கோப்பைத்தான். இதில் இருப்பவர்கள் உண்மையான மனிதர்கள். குழப்பங்களும் உண்மையானவை. நடுவில் ஓர் உலகப் பொருளாதார நெருக்கடியே வந்து போகிறது. எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ தெரிந்தால் முதல் பாதியைச் செய்துவிடலாம். அடுத்த பாதிக்குக் கொஞ்சம் பைத்தான் வேண்டும். கூகுள் கொலாப்பில் எதையும் நிறுவாமலே எழுதிப் பார்க்கலாம்.

முதலில் கேள்வி, அப்புறம்தான் தரவு

கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இங்கே அது: "இந்த வாடிக்கையாளரை இன்று அழைத்தால் வைப்புத்தொகைக்குச் சம்மதிப்பாரா?" யாரைப் பற்றிக் கேட்கிறோம், எந்தச் செயலைக் கேட்கிறோம், எந்த நேரத்தில் நின்று கேட்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி: "விடை தெரிந்தால் நான் என்ன செய்வேன்?" இங்கே பதில் எளிது. அதிக வாய்ப்புள்ளவரை முதலில் அழைப்பேன். விடை கிடைத்தும் நீங்கள் செய்வதில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்தக் கணிப்பு உங்களுக்குத் தேவையில்லை.

நீங்கள் அறிய விரும்புவதும், தரவில் அளந்து வைத்திருப்பதும் ஒன்றுதானா என்று இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்திய ஒரு கணிப்பு முறையை ஆராய்ந்து 2019-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிப்பது அந்த முறையின் நோக்கம். ஆனால் அது உண்மையில் கணித்தது நோயை அல்ல, மருத்துவச் செலவை. அங்கே கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்கும் குறைவாகவே செலவிடப்பட்டு வந்தது. அதனால் நோய் முற்றியிருந்தாலும் அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான் விழுந்தது. அந்தக் கோளாறைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கணக்கில் பிழை கிடையாது. "நோய்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "செலவு" என்று கேட்டதுதான் பிழை.

நம் கோப்பில் அந்தச் சிக்கல் இல்லை. சம்மதித்தாரா இல்லையா என்பதே கடைசி நெடுவரிசையில் நேரடியாக இருக்கிறது.

கோப்பைக் கண்ணால் பாருங்கள்

இறக்கியதில் இரண்டு பெரிய கோப்புகள் இருக்கும். 45,211 வரிகள் கொண்ட "பேங்க்-ஃபுல்" முதலில் நமக்குப் போதும். திறந்ததும் எல்லாம் ஒரே கட்டத்தில் அடைந்து கிடந்தால் பயப்பட வேண்டாம். இதில் கட்டங்களைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, அரைப்புள்ளி. இறக்குமதி செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

மொத்தம் 17 நெடுவரிசைகள். வயது, வேலை, திருமண நிலை, படிப்பு, பழைய கடன் தவணை தவறியிருக்கிறதா, கணக்கில் சராசரி இருப்பு, வீட்டுக்கடன், தனிநபர் கடன் ஆகியவை ஆளைப் பற்றியவை. எந்தப் போனில் பேசினார்கள், எந்த நாள், எந்த மாதம், எத்தனை விநாடி, இந்த முறை எத்தனை தடவை அழைத்தார்கள் ஆகியவை அழைப்பைப் பற்றியவை. முன்பு எப்போதாவது பேசியதுண்டா, எத்தனை தடவை, அப்போது என்ன பதில் கிடைத்தது என்பவை பழைய கதை. கடைசி நெடுவரிசை, விடை.

ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்ததும் ஆக அதிகமானதும் என்ன என்று பாருங்கள். வயது 18 முதல் 95 வரை. கணக்கு இருப்பு சிலருக்கு மைனஸில் இருக்கும். அது தட்டச்சுப் பிழை அல்ல, கணக்கில் இருந்ததைவிட அதிகமாக எடுத்திருக்கிறார்கள். ஒருவரை அதிகபட்சமாக 63 தடவை அழைத்திருக்கிறார்கள். அந்த எண்ணில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரே விஷயத்துக்காக ஒரு மனிதருக்கு 63 அழைப்புகள். நல்ல கணிப்பு வங்கிக்கு லாபம் என்பது இருக்கட்டும்; தொல்லைப்படுகிறவருக்கு அது பெரிய உதவி.

போனை எடுப்பதற்கு முந்தைய நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பு எத்தனை விநாடி நீடித்தது என்ற நெடுவரிசையின் பெயர் "டியூரேஷன்". சம்மதித்தவர்களுக்கு அதன் சராசரி 537 விநாடி. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். மறுத்தவர்களுக்கு 221 விநாடி, நாலு நிமிடத்துக்கும் குறைவு. எவ்வளவு தெளிவான வித்தியாசம்! இதை மாடலுக்கு, அதாவது பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கணிக்கும் கணக்கு முறைக்கு, கொடுத்தால் கணிப்பு பிரமாதமாக வரும். நான் முதன்முதலில் இந்தக் கோப்போடு உட்கார்ந்தபோது அப்படித்தான் செய்தேன், வந்த எண்களைப் பார்த்து மகிழ்ந்தேன்.

இப்போது அழைக்கும் ஊழியரின் நாற்காலியில் போய் உட்காருங்கள். முன்னால் பட்டியல் இருக்கிறது. இன்னும் போனை எடுக்கவில்லை. இவரோடு எத்தனை விநாடி பேசப்போகிறோம் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. பேசி முடித்த பிறகுதான் தெரியும். ஆனால் பேசி முடிக்கும்போது சம்மதமா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்! சம்மதித்தவருக்கு விவரம் சொல்ல வேண்டும், விதிமுறைகளைச் சொல்ல வேண்டும். பேச்சு நீளத்தான் செய்யும். பேச்சின் நீளம் பெரும்பாலும் சம்மதத்தின் விளைவு. அதை வைத்துச் சம்மதத்தைக் கணிப்பது, விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதுவது. கோப்போடு வரும் விளக்கக் குறிப்பே, உண்மையில் பயன்படும் மாடல் வேண்டுமென்றால் இந்த நெடுவரிசையை நீக்கிவிடுங்கள் என்று சொல்கிறது. அப்படியும் இதை வைத்துக்கொண்டு பெருமையான முடிவுகள் காட்டும் பயிற்சிகள் இன்றும் எழுதப்படுகின்றன.

இதற்குக் கசிவு என்று பெயர். எதிர்காலம் கசிந்து நிகழ்காலத்துக்குள் வந்துவிடுகிறது. டியூரேஷனில் இது பளிச்சென்று தெரியும். "இந்த முறை எத்தனை தடவை அழைத்தோம்" என்ற நெடுவரிசையில் கொஞ்சம் மறைந்திருக்கும். அது கடைசி அழைப்பையும் சேர்த்த கணக்கு. முதல் அழைப்பிலேயே சம்மதித்தவருக்கு அதோடு எண்ணிக்கை நின்றுவிடுகிறது. மறுத்தவருக்கு ஏறிக்கொண்டே போகலாம். முதல் அழைப்புக்கு முன் பட்டியல் போட வேண்டிய நிலையில் இந்த எண்ணும் நம் கையில் இருக்காது. அதையும் நீக்கிவிடுங்கள்.

செய்முறை இதுதான். 17 நெடுவரிசைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது எப்போது தெரியும்?" என்று குறியுங்கள். முடிவெடுக்கும் நிமிடத்துக்கு முன் தெரிந்தது மட்டும் உள்ளே, மற்றது வெளியே. ஒரு மணி நேரம் பிடிக்கும். பின்னால் எந்த நுட்பத்தாலும் ஈடுகட்ட முடியாத ஒரு மணி நேரம் அது.

பிவட் டேபிளில் பாதி வேலை முடியும்

மாடலுக்கு ஓடாதீர்கள். எக்செல்லில் ஒரு பிவட் டேபிள் (வரிகளைப் பிரிவு வாரியாகத் தொகுத்து எண்ணிக் காட்டும் அட்டவணை) போட்டு, ஒவ்வொரு பிரிவிலும் சம்மதித்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மொத்தச் சராசரி 11.7%. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் 938 பேரில் 269 பேர் சம்மதித்திருக்கிறார்கள், 28.7%. ஓய்வு பெற்றவர்களில் 22.8%. உடலுழைப்புத் தொழிலாளர்கள் 9,732 பேரில் 7.3% மட்டும். வீட்டுக்கடன் இருப்பவர்களில் 7.7%, இல்லாதவர்களில் 16.7%. மாதாமாதம் தவணை கட்டுகிறவரிடம் முடக்கி வைக்கப் பணம் எங்கே இருக்கும்? இதெல்லாம் நாமே யூகிக்கக்கூடியதுதான்.

ஆனால் ஒரு நெடுவரிசை எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கிறது. முந்தைய பிரசாரத்தில் சம்மதித்தவர்கள் 1,511 பேர். இந்த முறையும் அவர்களில் 978 பேர் சம்மதம்; 64.7%. எந்தத் தேர்வும் இல்லாமல் 1,511 பேரை அழைத்திருந்தால் சுமார் 177 சம்மதங்கள்தான் கிடைத்திருக்கும். மாடல் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு பட்டியலை வடிகட்டியதிலேயே ஐந்து மடங்குக்கு மேல் பலன். மனிதர்களின் நடத்தையைக் கணிப்பதில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இது: ஒருவர் யார் என்பதைவிட, அவர் முன்பு என்ன செய்தார் என்பதுதான் அதிகம் சொல்கிறது. வயது, வேலை, படிப்பு ஆகியவை பழைய நடத்தைக்கு அருகில்கூட வருவதில்லை.

பிவட் டேபிள் ஏமாற்றவும் செய்யும். மாதம் வாரியாகப் போட்டுப் பாருங்கள். மே மாதத்தில் 6.7%, மார்ச்சில் 52%! மார்ச்சில் அழைத்தால் பாதிப்பேர் சரி என்கிறார்கள் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். எண்ணிக்கையைப் பாருங்கள். மே மாத அழைப்புகள் 13,766. மார்ச் மாத அழைப்புகள் 477. மே மாதத்தில் ஊரையே அழைத்திருக்கிறார்கள், மார்ச்சில் சிலரை மட்டும். இரண்டும் ஒரே மாதிரியான கூட்டம் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று. எந்தப் போனில் பேசினார்கள் என்ற நெடுவரிசையில் 13,020 வரிகளில் "தெரியாது" என்று இருக்கும். அவர்களில் சம்மதம் 4.1% மட்டும். போன் வகை தெரியாதவர்கள் பணம் போட மாட்டார்களா என்ன? கோப்பின் தொடக்கத்துக்குப் போய்க் கீழே உருட்டிக்கொண்டே வாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் தொடர்ந்து "தெரியாது" என்றே வரும். கோப்பு தேதி வரிசையில் இருக்கிறது. கோப்பின் தொடக்க மாதங்களில் அந்த விவரத்தைப் பதிவு செய்யவே இல்லை. ஆக, அந்தத் "தெரியாது" போனைப் பற்றியது அல்ல. காலம்தான் அந்த வேடத்தில் வந்திருக்கிறது. இனி வரும் வாடிக்கையாளருக்கு அது எதையும் சொல்லாது.

பரீட்சைத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள்

மாடல் எதைப் பார்த்துக் கற்றதோ அதிலேயே அதைச் சோதிக்கக் கூடாது. வரிகளில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வைத்து, கடைசியில் அதில் மட்டும் சோதிக்க வேண்டும். இது எல்லாப் பாடங்களிலும் வரும். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வித்தியாசம்.

பெரும்பாலான பயிற்சிகளில் வரிகளைக் குலுக்கி, 80 சதவீதத்தைக் கற்பதற்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் எடுப்பார்கள். இங்கே அது வேண்டாம். குலுக்கினால் 2010-ன் வரிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு 2008-ஐக் கணிக்கும் நிலை வரும். போனை எடுப்பதற்கு முந்தைய நிமிடத்தில் இருப்பவருக்கு இரண்டு வருடம் கழித்து நடக்கப்போவது எப்படித் தெரியும்? அதனால் காலத்தால் வெட்டுங்கள். முன்பகுதி கற்க, பின்பகுதி சோதிக்க. கோப்பில் ஆண்டு என்று தனி நெடுவரிசை இல்லை. ஆனால் தேதி வரிசையில் இருப்பதால் நீங்களே சேர்த்துவிடலாம்: 2008 என்று தொடங்கி, டிசம்பர் முடிந்து அடுத்த ஆண்டின் மாதங்கள் தொடங்கும் இடத்தில் ஒன்றைக் கூட்டுங்கள்.

இப்படி வெட்டினால் முடிவுகள் மோசமாக வரும். பரவாயில்லை, அதுதான் நிஜம். கோப்பின் முன்பகுதியில் சம்மத விகிதம் மிகக் குறைவு, கடைசிப் பகுதியில் மிக அதிகம். நாளைக்கு நீங்கள் சந்திக்கப்போவதும் இப்படி மாறிப்போன ஒரு கூட்டத்தைத்தான்.

மாடல் என்ன செய்கிறது

முதல் மாடலாக லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரு தொடக்கப் புள்ளி. வீட்டுக்கடன் இருந்தால் கொஞ்சம் கழி. மாணவர் என்றால் கொஞ்சம் கூட்டு. முன்பு சம்மதித்தவர் என்றால் நிறையக் கூட்டு. எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்பதைப் பழைய பதிவுகளோடு ஒத்துப்போகும்வரை மாடலே சரிசெய்துகொள்ளும். கடைசியில் வரும் கூட்டுத்தொகையை வளைத்து 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணாக்கும். 0.3 என்று வந்தால் "இவரைப் போன்ற நூறு பேரில் முப்பது பேர் சம்மதிப்பார்கள்" என்று வாசிக்க வேண்டும். "இவர் முப்பது சதவீதம் சம்மதிப்பார்" என்று ஒன்று கிடையாது. அந்தத் தனி மனிதர் ஒன்று சம்மதிப்பார், இல்லையென்றால் மறுப்பார்.

வேலை, திருமண நிலை போன்ற சொற்களை அப்படியே கொடுக்க முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனி நெடுவரிசை வைத்து, அந்த வேலை என்றால் 1, இல்லையென்றால் 0 என்று மாற்றுங்கள். பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற நூலகம் இதை ஒரே வரியில் செய்துவிடும். மாடலைக் கற்பிக்க சைகிட்-லேர்ன் என்ற நூலகம் இருக்கிறது, அதுவும் சில வரிகள்தான். எந்த நெடுவரிசை எவ்வளவு கூட்டுகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். பிவட் டேபிளில் நீங்கள் கண்டதற்கு நேர்மாறாக ஏதாவது வந்தால் நின்று ஏன் என்று கேளுங்கள். டிசிஷன் ட்ரீ, ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற வேறு வகை மாடல்கள் எல்லாம் அப்புறம் வரலாம். முதல் மாடலைப் புரிந்துகொள்ளாமல் அவற்றுக்குப் போனால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

மதிப்பெண் போடுவது

எல்லோருக்கும் "வேண்டாம்" என்று கணிக்கும் ஒரு மாடலை நினைத்துக்கொள்ளுங்கள். அது 45,211-ல் 39,922 தடவை சரியாக இருக்கும், 88.3% துல்லியம். ஆனால் ஒரு வாடிக்கையாளரைக்கூட அது கண்டுபிடித்துத் தரவில்லை. "என் மாடல் 89% துல்லியம்" என்று யாராவது சொன்னால், எதுவுமே செய்யாமல் இருந்தால் எவ்வளவு வரும் என்று திருப்பிக் கேளுங்கள்.

நமக்கு வேண்டியது வரிசை. சோதனைக்கு எடுத்து வைத்த வரிகளை, மாடல் ஒவ்வொருவருக்கும் தந்த எண்ணின் (அதுதான் மதிப்பெண்) இறங்குமுகமாக அடுக்கி, பத்துச் சம பங்குகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பங்கிலும் உண்மையில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எண்ணுங்கள். மேல் பங்குகளில் அதிகமாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் மாடல் வேலை செய்கிறது. பாதிப்பேரை மட்டும் அழைத்தால் மொத்தச் சம்மதங்களில் எவ்வளவு கைக்கு வரும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். முதலாளிக்குப் புரியும் எண்ணும் அதுதான்.

இந்தத் தரவை வெளியிட்ட செர்ஜியோ மோரோ, பாலோ கோர்டெஸ், பாலோ ரிட்டா ஆகிய மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் அப்படித்தான் சொன்னார்கள். 2008 முதல் 2013 வரையிலான விரிவான பதிவுகளை எடுத்துக்கொண்டு, 150 அம்சங்களில் (நம் நெடுவரிசைகளைப் போன்ற விவரங்கள்) தொடங்கி 22-ஆகக் குறைத்து, நான்கு வகை மாடல்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் நியூரல் நெட்வொர்க் என்ற வகை முன்னால் வந்தது. மதிப்பெண்ணில் மேலே இருக்கும் பாதிப்பேரை மட்டும் அழைத்தால் 79% சம்மதங்கள் கிடைத்துவிடும் என்பது அவர்களுடைய முடிவு. ஏ.யூ.சி. என்ற அளவில் அது 0.8. சம்மதித்த ஒருவரையும் மறுத்த ஒருவரையும் கண்ணை மூடி எடுத்தால், பத்தில் எட்டுத் தடவை சம்மதித்தவருக்குத்தான் அதிக மதிப்பெண் இருக்கும் என்று அதற்குப் பொருள். ஆராய்ச்சியாளர்கள், 150 அம்சங்கள், ஐந்து வருடப் பதிவுகள். அப்படியும் பத்தில் இரண்டு தடவை வரிசை தவறுகிறது. ஒரு மனிதரின் மனதை இதற்கு மேல் வெளியிலிருந்து பார்ப்பது எளிதல்ல. உங்கள் மாடல் 0.98 காட்டினால் கொண்டாடுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்.

உலகம் நடுவில் மாறினால்

அந்த ஆய்வில் அதிக முக்கியத்துவம் பெற்ற அம்சம் ஆளைப் பற்றியதே அல்ல. மூன்று மாத யூரிபோர்; ஐரோப்பிய வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும்போது வாங்கும் வட்டி விகிதம். வைப்புத்தொகைக்குத் தரும் வட்டியும் பெரும்பாலும் அதை ஒட்டியே ஏறி இறங்கும். எனவே யூரிபோர் இறங்கினால் மக்கள் வைப்புத்தொகை போடுவதும் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. அக்டோபரில் 5 சதவீதத்தைத் தாண்டியிருந்த யூரிபோர், அடுத்த ஆகஸ்டில் 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் வட்டி இறங்க இறங்க, வைப்புத்தொகைக்குச் சம்மதிப்பவர்களின் வாய்ப்பு கூடியதைத்தான் தரவு காட்டியது. நெருக்கடிக் காலத்தில் வட்டி குறைந்தாலும் சேமிப்பு கூடுவது மற்ற ஆய்வுகளிலும் காணப்பட்ட ஒன்று. பயம் வந்தால் மனிதர்கள் லாபத்தைவிடப் பாதுகாப்பைத்தான் தேடுவார்கள். வேலை நிலைக்குமா என்று தெரியாத நேரத்தில் கையில் இருப்பதை ஓரிடத்தில் பூட்டி வைக்கத் தோன்றும்.

இதிலிருந்து "வட்டி குறைந்தால் ஆட்கள் சம்மதிப்பார்கள்" என்று ஒரு விதியை எழுதிவிட்டால் ஆபத்து. அது 2008-க்குப் பிந்தைய சில வருடங்களின் போர்ச்சுகல் மனநிலை. அமைதியான ஒரு காலத்துக்கு அதைக் கொண்டுபோனால் தலைகீழாகலாம். மாடல் எந்தக் காலத்தைப் பார்த்துக் கற்றதோ அந்தக் காலத்தின் மனிதர்களைத்தான் அதற்குத் தெரியும். எனவே மாதாமாதம் கணித்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். 0.3 என்று மதிப்பெண் போட்டவர்களில் உண்மையில் முப்பது சதவீதம் பேர் சம்மதித்தார்களா? இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து விலகினால் புதிய பதிவுகளோடு மறுபடி கற்பியுங்கள்.

பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவரும்போது

மேல் பாதியை மட்டும் அழைக்க ஆரம்பித்ததும் ஒரு புதிய சிக்கல் பிறக்கும். கீழ்ப் பாதியை யாருமே அழைப்பதில்லை. அவர்கள் சம்மதித்திருப்பார்களா என்று இனி ஒருபோதும் தெரியாது. அடுத்த வருடம் மாடல் தான் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்த்தே மறுபடி கற்கும், தன் பழைய முடிவையே உறுதி செய்துகொள்ளும். இதற்கு நான் சொல்லும் வழி: அழைப்புகளில் ஒரு சிறு பங்கை, பத்தில் ஒன்று போல, மதிப்பெண்ணே பார்க்காமல் குலுக்கிப் போட்டு எடுங்கள். செலவுதான். ஆனால் மாடல் இன்னும் சரியாக இருக்கிறதா என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது அந்தப் பங்கு மட்டுமே.

இன்னொரு கேள்வி. முன்பு சம்மதித்த அந்த 1,511 பேர். அவர்களில் சிலர் அழைக்காவிட்டாலும் தாங்களே வங்கிக்கு வந்து பணம் போட்டிருக்கலாம். சம்மதிப்பவரைக் கண்டுபிடிப்பதும், அழைத்ததால் மட்டுமே சம்மதிப்பவரைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. இந்தக் கோப்பில் அழைக்கப்படாதவர்களே இல்லாததால் இரண்டாவது கேள்விக்கு இதில் விடை கிடையாது. அது வேண்டுமென்றால் ஒரு குழுவை வேண்டுமென்றே அழைக்காமல் விட்டு ஒப்பிட வேண்டும்.

தவறினால் யார் மேல் விழும்?

இங்கே கணிப்பு தவறினால் ஒருவருக்குத் தேவையில்லாமல் ஒரு போன் வரும், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டவர்களில் யார் ஏமாற்றுகிறார் என்று கணிக்க, வரித்துறை ஒரு மாடலைப் பயன்படுத்தியது. விண்ணப்பித்தவர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் அதில் ஓர் அம்சம். ஏமாற்றுக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள், வாங்கிய உதவி முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

ஆகவே, உங்கள் தாளில் மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: "இது தவறினால் யாருக்கு என்ன ஆகும், அவர் யாரிடம் போய்க் கேட்பார்?" கடன், வேலை, உதவித்தொகை போன்றவற்றில் மதிப்பெண் ஓர் ஆலோசனையாக மட்டும் இருக்கட்டும், முடிவை ஒரு மனிதர் எடுக்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22-ஆம் பிரிவு, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரமே எடுப்பதற்கு உட்படாமல் இருக்கும் உரிமையைத் தருகிறது. இந்தியாவில் வாடிக்கையாளர் விவரங்களோடு வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். எதற்காகச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது என்பதிலிருந்து தொடங்குங்கள். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குடியுரிமையை நீக்கினாலும் அஞ்சல் குறியீட்டு எண்ணிலிருந்தும் பேசும் மொழியிலிருந்தும் அது திரும்ப உள்ளே வந்துவிடும்.

இதுவரை ஒரு கோப்பில் செய்ததை அடுத்து "பேங்க்-அடிஷனல்-ஃபுல்" என்ற இன்னொரு கோப்பில் தனியாகச் செய்து பாருங்கள். அதில் 41,188 வரிகள். யூரிபோர், நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு போன்ற பொருளாதார எண்களும் சேர்ந்திருக்கும். டியூரேஷன் அதிலும் இருக்கிறது, முதலில் அதை எடுத்துவிடுங்கள். முந்தைய அழைப்புக்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்ற நெடுவரிசையில் பெரும்பாலான வரிகளில் 999 என்று இருக்கும். அது நாட்கணக்கு அல்ல. "இதற்கு முன் பேசியதே இல்லை" என்பதற்கான குறி. அப்படியே எண்ணாக விட்டால், பேசியே இராதவர்களை மூன்று வருடத்துக்கு முன் பேசியவர்கள் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். "முன்பு பேசியதுண்டா" என்று 1, 0 போட்டு ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.